பூவைத் தின்ற பிள்ளை மேல் பழி வேண்டாம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், காந்தலூர்ப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பூண்டும் பீன்ஸும் போடுகிற ஒன்றேகால் ஏக்கர் பட்டய பூமி (பட்டா நிலம்) அவர்களுடையது. ஐந்து வருடத்துக்கு முன்னால் வீட்டை ஒட்டிய சரிவில் பன்னிரண்டு அன்னாசிக் கொய்யாச் (ஃபெய்ஜோவா) செடி வைத்தார்கள். கீழ்நாட்டு நர்சரி ஒன்றில், செடி 650 ரூபாய் என்று, "ஒத்தைச் செடி இருந்தாலே காய்க்கும்" என்ற வாக்குறுதியோடு வாங்கிய ஒட்டுச் செடிகள். இப்போது ஆள் உயரம். மூன்று வருடமாகப் பங்குனி, சித்திரையில் செடி நிறையப் பூக்கிறது. சில பூ பிஞ்சாகிறது, பட்டாணி அளவுக்கு வந்ததும் உதிர்ந்துவிடுகிறது. போன வருடம் பன்னிரண்டு செடியிலும் சேர்த்து மூன்றே காய்.

மாமியார் இதை மலட்டுச் செடி என்கிறார். அதோடு, ஒன்பது வயதுப் பேத்தி பூவிதழைப் பறித்துத் தின்பதால்தான் காய் பிடிக்கவில்லை என்று பிள்ளையை அடிக்கவும் செய்திருக்கிறார். குருவிகளும் பூவைத் தின்கின்றன என்று போன வருடம் செடிகளுக்கு மேல் நைலான் வலை கட்டிவிட்டார்கள். கொழுந்தன் நேர் எதிர்த் திசையில் இழுக்கிறார். இந்தப் பழம் கிலோ 800 ரூபாய்க்குப் போகிறது, ஒரு கம்பெனி நாற்றும் கொடுத்து விளைச்சலையும் திரும்ப வாங்கிக்கொள்ளும், பூண்டு போடும் அறுபது சென்டையும் இதற்கே மாற்றுவோம், முன்பணம் ஒன்றரை லட்சத்துக்குப் பட்டயத்தை வைத்துக் கடன் எடுப்போம் என்கிறார். கடைசிப் பக்கத்தில் இன்னொரு செய்தி. சகோதரிக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. இந்தப் பழத்திலும் இலையிலும் அயோடின் அதிகம், இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று நர்சரிக்காரர் சொன்னாராம். ஒரு மாதமாக மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் போடுகிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். செடி ஒரு வருடம் காத்திருக்கும், உங்கள் உடம்பு காத்திருக்காது. நாளைக் காலையிலிருந்து டாக்டர் எழுதிக்கொடுத்த அளவிலேயே மாத்திரையைத் தினமும் போடுங்கள். நான் தோட்டக்கலைக்காரன், வைத்தியன் இல்லை. ஆனாலும் இது பழத்தைப் பற்றிய தவறான நம்பிக்கையிலிருந்து வந்த விஷயம் என்பதால் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அன்னாசிக் கொய்யாவில் அயோடின் இருக்கிறது என்பது பழைய பேச்சு. ஒரு செடியில் அயோடின் எவ்வளவு சேரும் என்பது மண்ணையும் கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஐயாயிரம் அடி உயரத்து மலைச்சரிவில் விளைந்ததை அயோடின் களஞ்சியம் என்று நம்ப முடியாது. அதைவிட முக்கியம், அயோடின் கலந்த உப்பு சாப்பிடுகிற வீட்டில் பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவு பெரும்பாலும் அயோடின் பற்றாக்குறையால் வருவது இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அதற்கு அயோடினைக் கூட்டினால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியும். ஒரு மாதம் மாத்திரை விட்டுப்போனதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, ரத்தப் பரிசோதனை எப்போது செய்வது என்று கேளுங்கள். பழத்தைச் சாப்பிடலாம், பயம் இல்லை. இலைக் கஷாயத்தை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் மகளைப் பற்றி. அந்தப் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தச் செடியின் பூவிதழ் தின்பதற்கென்றே அமைந்தது. வெளியே வெள்ளை, உள்ளே செந்நீலம், சதைப்பற்றுள்ள நான்கு இதழ், நாக்கில் வைத்தால் இனிப்பு. பூவில் தேன் கிடையாது. தேனுக்குப் பதிலாக இதழைத்தான் செடி பறவைக்குக் கூலியாகக் கொடுக்கிறது. பறவை வந்து இதழைக் கொத்தும்போது, நடுவில் சிவப்பு ஊசிகளாக நிற்கும் மகரந்தத் தாள்களில் தலையும் கழுத்தும் உரசி மஞ்சள் தூள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடிக்குப் போகும்போது அந்தத் தூள் அங்குள்ள பூவின் நடுக்குச்சியான சூல்முடியில் படும். நியூசிலாந்தில் இந்த வேலையைச் செய்கிற பறவைகளில் ஒன்று நம்முடைய மைனா. இங்கிருந்து கொண்டுபோய் விடப்பட்ட அதே மைனாதான். தேனீக்களும் பூவுக்கு வரும், ஆனால் உடம்பு சிறியது. பல சமயம் நீண்டு நிற்கும் சூல்முடியைத் தொடாமலே மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஆகவே உங்கள் வீட்டில் குருவியை விரட்ட வலை கட்டியது, கூலியாள் வரும் வழியில் முள்ளை வெட்டிப் போட்டது போல ஆகிவிட்டது. வலையைக் கழற்றுங்கள். நைலான் வலையில் சிக்கிக் கொண்டைக்குருவி சாகும் என்பது ஒரு பக்கம் இருக்க, காட்டுப் பறவைகளுக்கு அப்படித் தீங்கு செய்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. சின்னாறு காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

செடி மலடு இல்லை, ஜோடிதான் இல்லை

வலை கட்டுவதற்கு முந்தின இரண்டு வருடமும் காய் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வலை மட்டும் காரணம் இல்லை. பன்னிரண்டு செடியிலும் இலை ஒரே அச்சு, எல்லாம் ஒரே வாரத்தில் பூக்கிறது என்று நீங்கள் எழுதிய வரியில்தான் விடை இருக்கிறது. அவை பன்னிரண்டு செடி இல்லை. ஒரே தாய்ச்செடியின் குச்சியை எடுத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒட்டியது. மண்ணுக்கு மேலே எல்லாம் ஒரே செடிதான்.

அன்னாசிக் கொய்யாவில் பெரும்பாலான வகைகள் தன் மகரந்தத்தை ஏற்காது. விசேஷம் என்னவென்றால், அது வாசலிலேயே தடுப்பதில்லை. சொந்த மகரந்தம் சூலகத்துக்குள் போகும், கருவும் தொடங்கும், அதற்குப் பிறகுதான் செடி அதை உதறிவிடும். நீங்கள் பட்டாணி அளவில் பிஞ்சு பார்த்ததும், பிறகு அது கொட்டியதும் இதனால்தான். மலட்டுச் செடி என்றால் பிஞ்சே வந்திருக்காது. தனியாகவே காய்க்கும் வகைகள் உலகத்தில் உண்டு; 'யூனிக்' என்கிற நியூசிலாந்து வகை அதற்குப் பேர்போனது. அவையும் பக்கத்தில் வேறு வகை இருந்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும். நர்சரிக்காரர் எங்கோ படித்த ஒரு வகையின் குணத்தை எல்லாச் செடிக்கும் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

உங்கள் மலை இந்தச் செடிக்கு ஒத்துவருமா என்ற சந்தேகம் வேண்டாம். இதன் பிறந்த ஊர் தெற்கு பிரேசில், உருகுவே மேட்டுநிலங்கள். 1890இல் அங்கிருந்து பிரான்சின் தென்கரைக்கு எடுவார் ஆந்த்ரே என்ற தோட்டக்கலை நிபுணர் கொண்டுபோனார். அந்தச் செடியே முதலில் காய்க்க ஏழு வருடம் ஆனது, 1897இல்தான் பழம் கண்டார். கொலம்பியாவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இதை வியாபாரமாக வளர்க்கிறார்கள், ஆனால் 1,800 மீட்டருக்கு மேல் மலையில். வெயில் சுடாத பகலும் மார்கழி, தையில் நன்றாகக் குளிரும் இரவும் இருந்தால் போதும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. உடுமலையில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது செடி கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சூட்டில் பூ கருகும்.

இந்த வருடம் செய்ய வேண்டியது

மறையூர் போகிற வழியில் ஒரு தங்கும் விடுதியில் இரண்டு செடி இருக்கிறது, அதில் காய் நீளமாக இருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பெரிய சொத்து அந்த வரிதான். காய்க்கிறது, காயின் உருவமும் வேறு என்றால் அது உங்கள் செடியிலிருந்து வேறுபட்ட வகை. அங்கே கேட்டு அனுமதி வாங்குங்கள்.

பங்குனியில் பூ விரிந்ததும், அன்று காலை மலர்ந்து மஞ்சள் தூள் உதிர்கிற பூக்களாகப் பத்துப் பதினைந்து எடுத்து, மூடிய டிபன் பாக்ஸில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். உங்கள் செடியில் புதிதாக விரிந்த பூவின் நடுவில், சிவப்பு ஊசிகளைவிட உயர்ந்து ஒற்றைக் குச்சியாக நிற்பது சூல்முடி. கொண்டுவந்த பூவின் தூளை அதன் நுனியில் மெதுவாகத் தேயுங்கள். இப்படி இருபது பூவுக்குச் செய்து காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். இன்னும் இருபது பூவில் உங்கள் செடியின் தூளையே தேய்த்து வெள்ளை நூல் கட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். சிவப்பு நூலில் காய் நின்று, வெள்ளை நூலில் எல்லாம் உதிர்ந்திருந்தால் யாரும் யாரையும் குறைசொல்ல வேண்டியதில்லை.

நிரந்தரத் தீர்வு ஒட்டுதான். பன்னிரண்டையும் வெட்ட வேண்டாம், புதுச் செடி வைத்து நாலைந்து வருடம் காத்திருக்கவும் வேண்டாம். தை மாதத்தில் அந்த விடுதிச் செடியிலிருந்து பென்சில் தடிமன் குச்சி எடுத்து, உங்கள் செடியில் மூன்றுக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஒரு கிளையில் ஆப்பு ஒட்டு (கிளையைப் பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியைச் செருகுவது) வையுங்கள். எல்லா ஒட்டும் பிடிக்காது, ஒரு கிளைக்கு மூன்று குச்சியாக வைத்துப் பாருங்கள். காந்தலூரில் ஆப்பிளும் பிளம்ஸும் ஒட்டுக் கட்டும் கைகள் இருக்கின்றன. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒட்டின கிளைக்குப் பெயிண்ட் அடையாளம் வையுங்கள். அடுத்த வருடம் தெரியாமல் கவாத்தில் அதையே வெட்டிவிடுவது எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறது.

கவாத்து என்றதும் நினைவு வருகிறது. வேலி மாதிரி அழகாக இருக்க வேண்டும் என்று மாசியில் வீட்டுக்காரர் மட்டமாகக் கத்தரிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் செடி அந்த வருடப் புதுத் துளிரின் அடிப்பகுதியில், இலைக்கணுவில் பூக்கும். பூக்கிற நேரத்துக்கு முன்னால் ஓரமெல்லாம் வெட்டினால் பூவைத்தான் வெட்டுகிறோம். பழம் ஓய்ந்த பிறகு, உள்ளே காற்றும் வெளிச்சமும் போகிற அளவுக்குக் கொஞ்சம் எடுங்கள், போதும். பூண்டுக்குக் கொத்துவது போல வேர்ப்பக்கம் கொத்தவும் கூடாது. இதன் வேர் மேலாக ஓடும், கொத்தினால் அறுபடும். சருகும் வைக்கோலும் மூடாக்குப் போட்டு விடுங்கள்.

உங்கள் பகுதி மழை மறைவுப் பிரதேசம். பூவும் பிஞ்சும் வருகிற காலம்தான் உங்களுக்குத் தண்ணீர் சுருங்குகிற காலமும். வாரத்துக்கு இரண்டு முறையாவது வேர் நனைய விடுங்கள். பத்தடி தூரத்தில் கிராண்டிஸ் யூகலிப்டஸ் மர வரிசை நிற்கிறது என்கிறீர்கள். யூகலிப்டஸும் அன்னாசிக் கொய்யாவும் ஒரே குடும்பம்தான், ஆனால் தண்ணீர்ப் பங்கீட்டில் அந்தப் பெரியண்ணன் தம்பிக்கு விடமாட்டான். நடுவில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி கிராண்டிஸ் வேரை அறுத்துவிட்டாலே வித்தியாசம் தெரியும்.

அறுபது சென்டை மாற்றலாமா?

இந்த வருடம் வேண்டாம் என்பதே என் கருத்து. கொழுந்தனை நான் முட்டாள் என்று சொல்லவில்லை. புதுப்பயிர் தேடுகிற இளைஞர்கள் மலையில் வேண்டும். ஆனால் பன்னிரண்டு செடியில் மூன்று காய் பார்த்த வீடு, அறுநூறு செடிக்குப் பட்டயத்தை அடகு வைப்பது சரியில்லை. உங்கள் பூண்டு புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. அதற்குச் சந்தையும் விலையும் ஊருக்கே தெரியும். இந்தப் பழத்துக்குக் கிலோ 800 என்பது நகரத்துக் கடையில் பெட்டியில் வைத்து விற்கிற விலை. உங்கள் வாசலில் யார், எத்தனை கிலோ, எந்த விலைக்கு எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பழத்தின் குணத்தையும் பாருங்கள். இது பழுத்தாலும் நிறம் மாறாது, பச்சையாகவே இருக்கும். முற்றியதும் தானே உதிரும். உதிர்ந்த பிறகு வெளியே வைத்தால் மூன்று நாலு நாள் நல்ல ருசி, குளிர்பதனத்தில் நாலு வாரம் வரை. காலையில் பொறுக்கி, சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, உடுமலை போய், அங்கிருந்து கோவையோ சென்னையோ போகிற பழத்துக்கு அந்த மூன்று நாள் எவ்வளவு சின்னது என்று யோசியுங்கள். பழ ஈயும் இதை விடாது.

அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அதற்கு முன் கொழுந்தனே நான்கு விஷயம் தேடிப் பார்க்கட்டும்: விலை எண்ணாகப் போட்டிருக்கிறதா, அல்லது "அன்றைய சந்தை விலை" என்று மட்டும் இருக்கிறதா, பழத்தை எங்கே வந்து எடுப்பார்கள், "தரமான பழம்" என்றால் என்ன அளவு, அவர்கள் எடுக்காவிட்டால் உங்களுக்கு என்ன நஷ்டஈடு. நாற்றுக்கு மட்டும் முன்பணம் தெளிவாக இருந்து, வாங்குகிற பகுதி மங்கலாக இருந்தால், அது பழக் கம்பெனி இல்லை, நாற்றுக் கம்பெனி. நாற்று எத்தனை வகை என்றும் கேட்கச் சொல்லுங்கள். "எல்லாம் ஒரே உயர்ந்த ரகம்" என்று பெருமையாகச் சொன்னால், உங்கள் பன்னிரண்டு செடியின் கதை அறுநூறு செடியில் நடக்கும்.

உண்மையிலேயே ஆசை இருந்தால் பூண்டு நிலத்தைத் தொடாமல் வரப்போரத்தில் வேறு இரண்டு வகையில் ஆறு செடி வைக்கட்டும். மண்ணைக் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மூன்று அறுவடை பார்த்துவிட்டுப் பேசலாம்.

நர்சரி மேல் புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமை உண்டு. விதையோ நாற்றோ வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான். ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் அதை உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நர்சரி வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். ஆனால் பாதிப்பு தெரியவந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், உங்களிடம் பில்லும் இல்லை. 7,800 ரூபாய்க்காக அலைவதைவிட, நடந்ததை எழுதி ஒரு பதிவுத் தபால் அனுப்பி, வேறு வகையில் நான்கு செடி மாற்றாகக் கேளுங்கள். பல நர்சரிகள் பெயர் கெடக்கூடாது என்று கொடுத்துவிடும். அடுத்த முறை செடி வாங்கும்போது வகையின் பெயரோடு பில் வாங்குங்கள்.

காய் வந்த பிறகு

பூவிலிருந்து பழத்துக்கு ஐந்தாறு மாதம் ஆகும். மரத்திலிருந்து பறிக்க வேண்டாம். கீழே வைக்கோலோ பழைய சேலையோ விரித்து, தினமும் காலையில் பொறுக்குங்கள். குறுக்கே வெட்டினால் நடுவில் நான்கு அறையாகக் கூழ் தெரியும். அது வெள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு நாள் போகட்டும், கண்ணாடி போல் தெளிந்திருந்தால் பதம், பழுப்பாக இருந்தால் தாண்டிவிட்டது. தோல் துவர்க்கும், கரண்டியால் தோண்டிச் சாப்பிடுங்கள். அன்னாசியும் கொய்யாவும் கொஞ்சம் புதினாவும் சேர்ந்த வாசனை. வெட்டியதும் கறுக்கும், எலுமிச்சை பிழிந்துவிட்டால் நிற்கும்.

அதிசயப் பழம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வைட்டமின் சி நூறு கிராமில் சுமார் 33 மில்லிகிராம். சாதாரணக் கொய்யாவில் இருநூறுக்கு மேல். இதன் பெருமை வாசனையில்தான். அதனால் ஜாம் அருமையாக வரும். ஒரு கிலோ சதைக்கு முக்கால் கிலோ சர்க்கரையும் இரண்டு எலுமிச்சையும் போதும், பழத்திலேயே உறையும் தன்மை நிறைய இருக்கிறது. மறையூர் வெல்லத்தில் செய்தால் நிறம் கறுக்கும், ருசி வேறு தினுசாக நன்றாக இருக்கும். வீட்டுக்கு என்றால் இவ்வளவுதான். விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம், வீட்டில் செய்தாலும்.

கடைசியாக உங்கள் மாமியார். அவர் பிறந்த வீடு அடிமாலிப் பக்கம், 2000களின் தொடக்கத்தில் வெனிலா போட்டு நொடித்துப்போன குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த வீட்டில் இந்த விஷயத்தை அதிகம் அறிந்தவர் அவர்தான். பச்சைக் காய் கிலோ ஆயிரக்கணக்கில் விற்றதையும் ஒன்றிரண்டு வருடத்தில் கேட்க ஆள் இல்லாமல் போனதையும் கண்ணால் பார்த்தவர். கொழுந்தனோடு உட்கார்ந்து பேசும்போது அவரையும் உட்கார வையுங்கள், அந்தக் கதையை அவர் வாயாலேயே சொல்லட்டும்.

வெனிலாவுக்குப் பூப்பூவாகக் கையால் மகரந்தம் வைத்த விரல்கள் அவருடையவை. அதில் அதே பூவின் தூளை அதிலேயே அழுத்தினால் போதும், இதில் வேறு செடியின் தூள் வேண்டும். அந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட்டு, சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் அவர் கையில் கொடுங்கள். கூடவே பேத்தியையும் அனுப்புங்கள். பாட்டி தூள் வைத்து முடித்த பூவில் நான்கு இதழை மட்டும் அவள் கிள்ளித் தின்னலாம், நடுவில் இருக்கும் ஊசிகளையும் குச்சியையும் தொடக்கூடாது. இதழ் போனாலும் காய் பிடிக்கும்.